விசாவுக்காகக் கடை வாங்குகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேஸ் ஸ்டேஷனையோ (நம்மூர் பெட்ரோல் பங்க்) லாண்ட்ரியையோ வாங்கி, அதன் பேரில் விசா எடுத்துக் குடும்பத்தோடு குடிபோவது நடக்கிற காரியம்தான். ஈ-2 என்கிற முதலீட்டாளர் விசா அதற்கு இடம் தருகிறது. புதிதாகத் தொடங்குவதைவிட ஓடுகிற கடையை வாங்குவதே மேல் என்று வக்கீல்கள் பலரும் சொல்வார்கள். கணக்கு இருக்கிறது, வேலையாட்கள் இருக்கிறார்கள், தூதரகத்தில் காட்ட ஏதோ ஒன்று கையில் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் வாங்குகிறவருக்கு விசா அவசரம், அந்த அவசரம் விற்கிறவருக்கும் புரோக்கருக்கும் நன்றாகவே தெரியும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி அங்கிருந்துதான் முளைக்கிறது.

பாஸ்போர்ட்டுக்கு முன்னால் கடையைப் பார்ப்பது

ஈ-2 எல்லா நாட்டவருக்கும் கிடையாது. அமெரிக்காவோடு அதற்கான ஒப்பந்தம் உள்ள நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை, மலேசியாவுக்கும் இல்லை. இலங்கைக்கு 1993 முதல் உண்டு, கனடாவுக்கு 1994 முதல், சிங்கப்பூருக்கு 2004 முதல். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஆக யாழ்ப்பாணத்துக்காரருக்கும் டொரொண்டோக்காரருக்கும் திறந்திருக்கிற கதவு மதுரைக்காரருக்கு மூடியிருக்கிறது. அதே சமயம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பத்துக்குத் திறந்திருக்கிறது. பிரிட்டன்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் 1815ஆம் ஆண்டுடையது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் போதாது, பிரிட்டனில் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களிடம் சில ஏஜெண்டுகள் இன்னும் ஒரு பழைய வழியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிரெனடாவில் பணம் கட்டிக் குடியுரிமை எடு, அதை வைத்து ஈ-2 எடு என்று. 2022 டிசம்பரில் வந்த சட்டம் அந்தக் குறுக்குவழியை அடைத்துவிட்டது. முதலீட்டின் மூலம் குடியுரிமை பெற்றவர், விண்ணப்பிக்கும் முன் அந்த நாட்டில் தொடர்ந்து 3 ஆண்டுகளாவது குடியிருந்திருக்க வேண்டும். கிரெனடாவில் போய் 3 வருஷம் வாழத் தயார் என்றால் சரி. இல்லையென்றால் இந்தியருக்கு இருப்பது இபி-5 என்கிற முதலீட்டு கிரீன் கார்டு வழி. குறைந்தது 8 லட்சம் டாலர் முதலீடு, 10 முழுநேர வேலைகளையும் உருவாக்க வேண்டும். அது சின்னக் கடை சமாச்சாரமே இல்லை.

அப்புறம் பங்குதாரர் விஷயம். கடையில் குறைந்தது பாதி ஒப்பந்த நாட்டுக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். கனடாக் குடிமகனான உங்களுக்கு 40, காசு போடுகிற இந்தியக் குடிமகனான மச்சானுக்கு 60 என்றால் அங்கேயே முடிந்தது. பலருக்குத் தெரியாத ஒன்று, கனடாக் குடிமகனாகவே இருந்தாலும் கையில் அமெரிக்க கிரீன் கார்டு இருக்கிற பங்குதாரர் அந்தப் பாதிக்குள் வரமாட்டார். “அங்கேயே இருக்கிற அண்ணன் பேரில் பெரும்பங்கைப் போட்டுவிடலாம், பாதுகாப்பு” என்று நல்ல எண்ணத்தோடு செய்கிற ஏற்பாடு விசாவையே கெடுத்துவிடும்.

பணம் எங்கிருந்து வந்தது

இவ்வளவு போட்டாக வேண்டும் என்று சட்டம் தொகை எதையும் சொல்லவில்லை. விலையில் எத்தனை பங்கு உங்கள் சொந்தப் பணம் என்று பார்ப்பார்கள். கடை சிறியதாக ஆக ஆக, அந்தப் பங்கு முழு விலையை நெருங்க வேண்டும். 2 லட்சம் டாலர் கடை என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 80 ஆயிரம் கொடுத்து, மீதியை விற்கிறவருக்கே தவணையில் கட்டுவதாகப் பேசி, அதற்கு ஈடாகக் கடையையே எழுதிக்கொடுக்கிறீர்கள். உள்ளூரில் இது சாதாரண வியாபாரம். விசா அதிகாரிக்கோ உங்கள் முதலீடு 80 ஆயிரம்தான், அதாவது 40 சதவீதம். கடையின் சொத்தை ஈடு வைத்த கடன் முதலீடாகாது. ஊரில் உள்ள சொந்த வீட்டை ஈடு வைத்து வாங்கிய கடன் ஆகும், ஏனென்றால் கடை மூழ்கினால் போவது உங்கள் வீடு. அரசு உத்தரவாதத்தோடு வங்கிகள் தரும் எஸ்பிஏ கடனையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது ஈ-2 காரர்களுக்கு இல்லை.

தொகையைவிடப் பெரிய தலைவலி, அது வந்த வழியைக் காட்டுவது. நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். பூர்வீக நிலத்தை 1 கோடிக்கு விற்றிருப்பார்கள், பத்திரத்தில் 40 லட்சம்தான் இருக்கும். மீதி 60 லட்சம் மஞ்சள் பையில் வந்தது. அந்த 60 லட்சத்துக்குத் தூதரகத்தில் காட்ட ஒரு காகிதமும் இல்லை. உண்டியலில் (ஹவாலாவில்) அனுப்பிய பணமும் அப்படித்தான். கொழும்பில் கொடுத்தது டொரொண்டோவில் கையில் கிடைத்துவிட்டது, ஆனால் வங்கியில் தடம் இல்லை. சீட்டு எடுத்தது, நகை விற்றது, அத்தை அன்பளிப்பாகக் கொடுத்தது எல்லாம் ஏற்கத்தக்கவைதான், ரசீதும் வங்கிப் பதிவும் இருந்தால். அத்தை கொடுத்தால் அத்தைக்கு அது எப்படி வந்தது என்பதையும் கேட்பார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு நிலத்தை விற்கிறவர்கள் பணத்தை என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு) போட்டு, வரி கட்டி, ஆடிட்டர் சான்றிதழோடு முறையாக வெளியே எடுக்கலாம். நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுமதி உண்டு. நேரம் பிடிக்கும் வேலை. கடை பார்க்கத் தொடங்கும் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

சரி, பணம் தயார். அடுத்த சறுக்கல், அதை எப்போது கொடுப்பது என்பதில். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருந்தால், எவ்வளவு இருந்தாலும் முதலீடு செய்ததாகக் கொள்ளமாட்டார்கள். அதற்குப் பயந்து முழுத் தொகையையும் விற்கிறவரிடம் கொடுத்துவிட்டு விசா மறுக்கப்பட்டால், ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கடை, நடத்த ஆளில்லை. இரண்டுக்கும் நடுவே எஸ்க்ரோ இருக்கிறது. பணம் மூன்றாவது ஆளிடம் நிற்கும். விசா வந்தால் விற்கிறவருக்குப் போகும், மறுத்தால் உங்களிடம் திரும்பும். நிபந்தனை விசா ஒன்றைப் பற்றியதாக மட்டும் இருந்தால், தூதரகம் இதை உறுதியான முதலீடாகவே ஏற்கிறது. எஸ்க்ரோவுக்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரை விட்டுவிட்டு அடுத்த கடையைப் பாருங்கள்.

“டாக்ஸில் காட்டினது கொஞ்சம்தான்”

கடை பேசும்போது இந்த வாக்கியம் வராமல் இருக்காது. “டாக்ஸில் காட்டினது கொஞ்சம்தான் அண்ணே, கேஷா வர்றது தனி.” இருக்கலாம். ஆனால் அதற்கு விலை கொடுக்கக் கூடாது. விசா அதிகாரி பார்ப்பது வரிக் கணக்கை. அந்தக் கணக்கில் உள்ள லாபத்தில் உங்கள் குடும்பம் வயிற்றுப்பாட்டுக்கு மேலாக வாழ முடியுமா என்றுதான் அவர் கேட்பார். முடியாது என்றோ, 5 ஆண்டுக்குள் முடியும் என்று நம்பும்படி காட்ட இயலவில்லை என்றோ ஆனால் மறுத்துவிடுவார். அரசிடம் மறைத்ததாக வாயாலேயே சொல்கிறவர் உங்களிடம் மட்டும் உண்மை பேசுவார் என்று நம்ப என்ன இருக்கிறது?

விற்கிறவர் நீட்டுகிற வரிக் கணக்கின் நகலோடு நிற்காதீர்கள். 8821 என்ற படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினால், அவர் தாக்கல் செய்ததன் சுருக்கத்தை மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்தே பெறலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநிலத்துக்குக் கட்டிய சேல்ஸ் டாக்ஸ் கணக்கு, வங்கியில் போட்ட தொகை, சரக்கு வாங்கிய பில் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

காசு போட்டுத் துவைக்கிற லாண்ட்ரியில் பெரும்பாலும் ரொக்கம்தான், கணக்கு எதையும் சொல்லும். அங்கே தண்ணீர் பில்லைக் கேளுங்கள். ஒவ்வொரு மெஷினும் ஒரு துவைப்புக்கு எத்தனை காலன் தண்ணீர் குடிக்கும் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். மாதம் 1,20,000 காலன் ஓடியிருக்கிறது, சராசரியாக ஒரு துவைப்புக்கு 20 காலன் என்றால் 6,000 துவைப்பு. துவைப்புக்கு 4 டாலர் என்றால் 24,000 டாலர். உலர்த்தும் மெஷின் வருமானம் தனி. விற்கிறவர் துவைப்பில் மட்டும் 40,000 என்று சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். பில்லில் காலனுக்குப் பதிலாகச் சிசிஎஃப் (நூறு கன அடி) என்று இருந்தால் ஒன்றுக்கு 748 காலன். ஒரு மாத பில் வேண்டாம், இரண்டு வருஷத்துடையதை வாங்குங்கள். விற்பதற்கு முந்தைய இரண்டு மாதம் குழாயைத் திறந்துவிட்டு வைத்திருக்கிற புத்திசாலிகளும் உண்டு.

லாபக் கணக்கில் இன்னொரு மறைவு இருக்கிறது. புருஷனும் பெண்சாதியுமாகக் காலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை கல்லாவில் நின்று ஓட்டுகிற கடையில், அவர்கள் இருவரின் கூலியும் லாபம் என்ற பெயரில் வருகிறது. இரண்டு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் அந்த லாபம் எங்கே போகும் என்று கணக்குப் போடுங்கள். நாமும் நின்றால் போச்சு என்பது இங்கே பதில் ஆகாது. ஈ-2 காரர் வியாபாரத்தை நடத்துகிறவராக இருக்க வேண்டும், நாள் முழுக்கக் கல்லாவில் நிற்பதற்கு அந்த விசா கொடுப்பதில்லை. ஆட்களை வைத்தும் மிச்சம் வருகிற கடைதான் விசாவுக்கும் தேறும், வாழ்க்கைக்கும் தேறும்.

கடையோடு கூட வராதவை

கடையை வாங்கினால் அதன் உரிமங்களும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாராய உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சிகரெட், லாட்டரி ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம். அரசு தரும் உணவு உதவிக்கான ஈபிடி அட்டையில் காசு வாங்கும் அனுமதி கைமாறவே மாறாது. புது முதலாளி மத்திய அரசிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், வாரக் கணக்கில் ஆகும். ஏழைகள் அதிகம் வாழும் வட்டாரத்துக் கடை அந்த இடைவெளியில் ஆடிப்போகும். “என் பேர்லயே மெஷின் ஓடட்டும், பிறகு மாத்திக்கலாம்” என்று விற்கிறவர் தாராளமாகச் சொல்வார். அது குற்றம். மாட்டினால் கடைக்கு அந்த அனுமதி கிடைக்கும் வாய்ப்பும் போய்விடும்.

கட்டடம் பெரும்பாலும் வாடகை. லீஸில் இன்னும் எத்தனை வருஷம் மிச்சம் இருக்கிறது, உங்கள் பேருக்கு மாற்றக் கட்டட உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தாரா, சொத்து வரியும் காப்பீடும் யார் தலையில் என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும். 5 ஆண்டுத் திட்டத்தைத் தூதரகத்தில் காட்டிவிட்டு லீஸ் 14 மாதத்தில் முடிகிறது என்றால் நன்றாகவா இருக்கும்?

கம்பெனியின் பங்குகளை வாங்கினால் அதன் பழைய கடன், வழக்கு, வரிப் பாக்கி எல்லாம் உங்களுடையவை. சிறு கடைகளுக்குச் சொத்துகளை மட்டும் வாங்குவதே வழக்கம். அப்படி வாங்கினாலும் விற்கிறவரின் சேல்ஸ் டாக்ஸ் பாக்கி பல மாநிலங்களில் உங்களைத் துரத்தும். நியூயார்க்கில் பணம் கொடுப்பதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கலிபோர்னியாவில் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேஸ் ஸ்டேஷன் என்றால் மண்ணுக்கடியில் உள்ள தொட்டிகளைப் பரிசோதிக்காமல் தொடாதீர்கள். கசிந்த பெட்ரோலைச் சுத்தம் செய்கிற செலவு கடை விலையையே தாண்டலாம். பெரிய பிராண்டு மோட்டல் என்றால், கைமாறும்போது பிராண்டுக்காரர்கள் ஒரு சீரமைப்புப் பட்டியலை நீட்டுவார்கள். கம்பளம், மெத்தை, குளியலறை, முகப்புப் பலகை எல்லாம் புது முதலாளி செலவு. அதன் விலையை முதலில் கேட்டுவிட்டு மோட்டலின் விலையைப் பேசுங்கள். பிரான்சைஸை நேரே கம்பெனியிடமிருந்து எடுக்கிறவர்களுக்குக் கையெழுத்துக்கு 14 நாள் முன்பாக ஒரு தடித்த ஆவணம் தரவேண்டும் என்பது சட்டம். அதன் 20ஆவது பகுதியில் கடையை விட்டுப் போனவர்களின் தொடர்பு விவரம் இருக்கும். இப்போது நடத்துகிறவர்களைவிட அவர்களிடம் பேசுங்கள்.

குடும்பத்தின் நாள்காட்டி

ஈ-2 கிரீன் கார்டாக மாறாது. வியாபாரம் நடக்கிறவரை புதுப்பித்துக்கொண்டே போகலாம், ஆனால் அது தானாக நிரந்தர வசிப்புரிமைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. கணவனோ மனைவியோ தனி அனுமதி இல்லாமலே எங்கும் வேலைக்குப் போகலாம், அது பெரிய வசதி. பிள்ளைகள் வேலை செய்யக் கூடாது, 21 வயதில் அந்த விசாவிலிருந்து வெளியேறியாக வேண்டும். 16 வயதுப் பெண்ணோடு போகிறவர்களுக்குக் கையில் இருப்பது 5 வருஷம். அதன்பின் அவள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்காகத்தான் போகிறோம் என்பவர்கள் இந்தக் கணக்கைக் கடை விலைக்கு முன்னால் போட வேண்டும்.

வணிகப் பயணத்துக்கான பி-1 விசாவில் போய்க் கடை பார்க்கலாம், பேரம் பேசலாம், ஒப்பந்தம் போடலாம். கல்லாவில் நிற்கக் கூடாது, ஒரு நாள்கூட. அங்கேயே இருந்தபடி ஈ-2 நிலைக்கு மாறவும் வழி உண்டு. ஆனால் அது விசா அல்ல. ஊரில் ஒரு கல்யாணம், சாவு என்று வெளியே வந்தால் தூதரகத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விசா எத்தனை வருஷத்துக்கு ஒட்டப்பட்டிருந்தாலும் ஒவ்வொரு முறை நுழையும்போதும் தங்க விடுவது 2 வருஷம். பாஸ்போர்ட் அதற்குள் முடிகிறது என்றால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவதும் உண்டு. அப்பாவுக்கு ஒரு தேதி, பிள்ளைக்கு வேறு தேதி என்று அமைந்துவிட, ஒருவருடைய கெடு தாண்டியதே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். நுழைந்த அன்றே எல்லையதிகாரிகளின் இணையதளத்தில் தங்கும் கெடு உள்ள ஐ-94 பதிவை எடுத்து, வீட்டில் ஒவ்வொருவர் பேருக்கும் தேதியைத் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துவையுங்கள்.