வரி கட்டுவோர் சார்பில் ஐஆர்எஸ்ஸிடம் பேச: என்ரோல்டு ஏஜென்ட் ஆவது எப்படி?

வாடிக்கையாளரின் வரவு செலவு முழுக்கக் கணக்காளருக்கு அத்துப்படி. ஆனால் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தால், வாடிக்கையாளர் சார்பில் பேச அந்த அறிவு மட்டும் போதாது. தணிக்கை, மேல்முறையீடு, வரி வசூல் என எல்லாவற்றிலும் வாதாடும் முழு உரிமை முக்கியமாக மூன்று பேருக்குத்தான்: வழக்கறிஞர், சிபிஏ எனப்படும் சான்று பெற்ற பொதுக் கணக்காளர், ஐஆர்எஸ்ஸிடமே உரிமம் பெற்ற வரி நிபுணரான என்ரோல்டு ஏஜென்ட். மூன்றாவது வழிக்குப் பட்டம் கட்டாயமில்லை, உரிமம் எல்லா மாநிலங்களிலும் செல்லும். அதனால்தான் கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

படி 1: பிடின் எண்

மற்றவர்களுக்கு வரி ரிட்டர்ன் தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் அடையாள எண் இது. அதன் தளத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத வெளிநாட்டவர் படிவம் 8946-ஐயும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

படி 2: மூன்று தாள்கள்

தனிநபர் வரி, வணிக வரி, பிரதிநிதித்துவமும் நடைமுறைகளும் என மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 100 கொள்குறி வினாக்கள், மூன்றரை மணி நேரம். மதிப்பெண் 40 முதல் 130 வரை; 105 எடுத்தால் தேர்ச்சி. எந்த வரிசையிலும் எழுதலாம். ஒரு தாளில் தேர்ச்சி பெற்றால் அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் மற்ற இரண்டையும் முடித்துவிட வேண்டும்.

புத்தகம் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 2025 மே முதல் 2026 பிப்ரவரி வரையான தேர்வில் 2024 டிசம்பர் 31 வரை அமலில் இருந்த சட்டம்தான் கேட்கப்பட்டது. புதிய சட்டத்தைப் படித்துவிட்டுப் போனால் தெரிந்த கேள்விக்கே தவறாக விடை எழுத நேரும்.

கணக்காளருக்கு இரண்டாம் தாள் சொந்த வீடு மாதிரி தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்தில் ஒருவர் 10,000 டாலர் போட்டு, நிறுவனக் கடனில் அவர் பங்கு 5,000 டாலர் என்றால், அவருடைய பேசிஸ், அதாவது வரிக் கணக்கில் அவர் முதலீட்டின் மதிப்பு, 15,000 டாலர். அதே கடனை ஓர் எஸ் கார்ப்பரேஷன் (லாப நட்டம் பங்குதாரர்களின் சொந்த வரிக் கணக்குக்குப் போகும் கம்பெனி) வங்கியில் வாங்கியிருந்தால் பங்குதாரரின் பேசிஸ் ஏறாது. அவரே தன் பணத்தைக் கடனாகக் கொடுத்திருந்தால்தான் ஏறும். இந்த வித்தியாசம் மனதில் பதியும்வரை பயிற்சிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டே இருங்கள்.

மூன்றாம் தாளில் கணக்கு குறைவு என்பதால் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாளைக்கு உங்கள் வேலையே அதுதான். சர்குலர் 230 என்ற நடத்தை விதிகளை நிதானமாகப் படியுங்கள்.

படி 3: படிவம் 23

இதுதான் உரிமத்துக்கான விண்ணப்பம். மூன்று தாள்களும் முடிந்த ஓராண்டுக்குள் கட்டணத்தோடு இதைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் சொந்த வரி ரிட்டர்ன்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, குற்றப் பின்னணி உண்டா என்று ஐஆர்எஸ் சரிபார்க்கும். பாக்கி இருந்தால் முன்பே தீர்த்துவிடுங்கள்.

உரிமம் வந்தபின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 72 மணி நேரத் தொடர்கல்வி. எந்த ஆண்டிலும் 16 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, அதில் 2 மணி நேரம் நெறிமுறைப் பாடம்.

படி 4: முதல் வாடிக்கையாளர்

சரி, உரிமம் கையில் இருக்கிறது. அப்புறமும் வாடிக்கையாளர் உங்களுக்கு அதிகாரம் எழுதித் தர வேண்டும். அதுதான் படிவம் 2848. படிவத்தின் 3-ஆம் எண் இடத்தில் வரியின் வகை, படிவ எண், ஆண்டு மூன்றையும் குறிப்பாக எழுதுங்கள்: 'வருமான வரி, 1040, 2022, 2023' என்பதுபோல. 'எல்லா ஆண்டுகளும்' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் பகுதியில் உங்கள் தகுதிக்கு 'சி' என்ற எழுத்தைக் குறித்து, கையெழுத்திட்டுத் தேதி போடுங்கள். வாடிக்கையாளரின் கையெழுத்தும் தேதியும் முதல் பகுதியின் கடைசியில் வர வேண்டும். படிவம் பதிவானதும், அந்த நோட்டீஸில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து பேசலாம்.