திருமண வீடியோ எடிட்டிங்குக்குக் கணினி வாங்குதல்: கேமராவில் தொடங்குங்கள்

கணினிக் கடையில் முதலில் கேட்கப்படுவது பட்ஜெட் எவ்வளவு என்பதுதான். அடுத்து, ஐ5 வேண்டுமா, ஐ7 வேண்டுமா என்று கேட்பார்கள். வீடியோ எடிட்டிங்குக்காகக் கணினி வாங்குபவர் இந்த இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்பு, தம்முடைய கேமரா எந்த வடிவத்தில் காட்சியைப் பதிவு செய்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே விலையுள்ள இரண்டு கணினிகளில் ஒன்று உங்கள் ஃபுட்டேஜை, அதாவது பதிவான காட்சிகளை, தடங்கலின்றி ஓட்டும். மற்றொன்று வெட்டுக்கு வெட்டு திக்கி நிற்கும். அந்தக் குறிப்பிட்ட வடிவத்தை விரிப்பதற்கென்றே அமைந்த டீகோடர் சிப்புக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் இந்த வேறுபாடு வருகிறது. விளம்பரப் பலகையில் இந்த விவரம் இருக்காது. விற்பவரில் பலருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே திருமண வீடியோ எடிட் செய்பவரின் தேவையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கணினிக்கு வரக்கூடிய சோதனைகள் எல்லாம் இந்தத் தொழிலில் ஒன்றாக வந்துவிடுகின்றன. முகூர்த்தத்துக்கு மூன்று கேமராக்கள், வரவேற்புக்கு இரண்டு, மண்டபத்துக்கு மேலே ஒரு டிரோன், மாப்பிள்ளை வீட்டார் செல்பேசியில் எடுத்து அனுப்பியவை என்று வெவ்வேறு வடிவக் கோப்புகள் ஒரே டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் எடிட்டிங் பட்டையில்) வந்து சேரும். தாலி கட்டும் காட்சியை மல்டிகேமில் வெட்டும்போது மூன்று கோணங்களையும் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். இதைச் சமாளிக்கும் கணினி யூடியூப் வேலைக்கும் பெரும்பாலான குறும்பட வேலைக்கும் போதுமானது.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, நீங்கள் வழக்கமாக எடுக்கும் அமைப்பில் பதிவான ஒரு கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். வீடியோ என்ற பகுதியில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது கோடெக், அதாவது காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை: ஏவிசி என்று இருந்தால் அது எச்.264, எச்இவிசி என்று இருந்தால் எச்.265. அடுத்தது குரோமா, அதாவது நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பது: 4:2:0 அல்லது, நிற விவரம் கூடுதலான 4:2:2. மூன்றாவது பிட் ஆழம், அதாவது நிறச் சாயல்களின் நுண்மை: 8 அல்லது 10. கடைசியாக பிட் ரேட், அதாவது ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு என்பது. சோனி ஏ7 மார்க் 3 தரும் 4கே கோப்பில் எச்.264, 4:2:0, 8 பிட் என்று இருக்கும். ஏ7 மார்க் 4-இல் 4:2:2, 10 பிட் வரை போகலாம். நிறத்தைத் திருத்துவதற்கு இரண்டாவது மிகவும் உதவும். கணினிக்கு அது பல மடங்கு பாரமாகவும் இருக்கும்.

எச்.264 2003-இலும் எச்.265 2013-இலும் தரமாக வெளியிடப்பட்டவை. கோப்பைச் சிறிதாக்குவதுதான் இரண்டின் நோக்கமும். அவை முழுப் படத்தை அவ்வப்போது ஒருமுறை மட்டும் சேமித்து, இடைப்பட்ட ஃப்ரேம்களுக்கு முன்பின் மாற்றங்களை மட்டும் எழுதிவைக்கின்றன. ஆகவே டைம்லைனில் ஏதோ ஓர் இடத்தில் நீங்கள் கர்சரை வைத்தால், அந்த ஒரு ஃப்ரேமைக் காட்டுவதற்காகக் கணினி அதற்கு முந்தைய பல ஃப்ரேம்களையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. பின்னோக்கி ஓட்டும்போது இந்தச் சுமை இன்னும் கூடுகிறது. ஆப்பிள் 2007-இல் கொண்டுவந்த புரோரெஸ் போன்ற எடிட்டிங் கோடெக்குகளில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்பதால் செயலிக்கு வேலை குறைவு, ஆனால் இடம் ஏராளமாகத் தேவைப்படும். நொடிக்கு 25 ஃப்ரேமில் 4கே காட்சியை புரோரெஸ் 422 எச்க்யூவில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 332 ஜிபி ஆகும்; நொடிக்கு 140 மெகாபிட் அளவில் கேமரா தரும் எச்.264 கோப்புக்கு 63 ஜிபி போதும்.

எந்தச் சிப் எதை விரிக்கும்

8 பிட் 4:2:0 மட்டுமே எடுப்பவருக்குக் கவலை குறைவு. கடந்த சில ஆண்டுகளில் வந்த இன்டெல், ஏஎம்டி, என்விடியா, ஆப்பிள் ஆகிய எல்லாவற்றிலும் அதற்கான டீகோடர் இருக்கிறது. 4:2:2-க்குப் போகும்போதுதான் பாதைகள் பிரிகின்றன.

எச்.265, 4:2:2, 10 பிட் கோப்புகளை விரிக்கும் வசதி இன்டெல் செயலிகளின் உள்கிராஃபிக்ஸில் (செயலிக்குள்ளேயே அமைந்த கிராஃபிக்ஸ் பகுதி), குவிக் சிங்க் என்ற பெயரில், டெஸ்க்டாப்பைப் பொறுத்தவரை 11-ஆம் தலைமுறை முதல் கிடைக்கிறது. ஆனால் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் உள்கிராஃபிக்ஸ் இயங்காது. குவிக் சிங்க்கும் அதோடு போய்விடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு போடப் போகிறோம் என்பதால் எஃப் வகை போதும், சில ஆயிரம் மிச்சம் என்று கடையில் சொல்வது கேம் விளையாடுபவருக்குச் சரியான ஆலோசனை. 4:2:2 எடிட் செய்பவருக்கு அது பெரிய இழப்பு. குவிக் சிங்க் இருந்தாலும், 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப் செயலிகளில் யுஎச்டி 770 கிராஃபிக்ஸ் கொண்டவற்றில் இரண்டு கோடெக் எஞ்சின்களும், ஐ5-12400 போன்றவற்றில் உள்ள யுஎச்டி 730-இல் ஒன்றும் இருக்கின்றன. மல்டிகேம் வேலைக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் 4:2:2 கோப்பைத் தாமே விரிக்க மாட்டா. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 வசதி சேர்க்கப்பட்டது. ஏஎம்டி ரைசன் 7000, 9000 வரிசைகள் மிக நல்ல செயலிகள். ஆனால் அவற்றின் உள்கிராஃபிக்ஸில் இந்த டீகோடர் இல்லை. எனவே ரைசன் வாங்க விரும்பும் 4:2:2 எடிட்டர் அதனுடன் இந்த வசதியுள்ள தனி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை, உதாரணமாக ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஒன்றை, சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இதில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே சொன்ன இன்டெல் டெஸ்க்டாப் செயலிகளின் குவிக் சிங்க் எச்.265-இல்தான் 4:2:2-ஐ விரிக்கும், எச்.264-இல் விரிக்காது. சோனி ஏ7 மார்க் 4-இல் எச்.265 பதிவுக்கு எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று பெயர். இந்தியாவில் வழங்கும் பால் (PAL) வீடியோ அமைப்பில் அது 4கே-வுக்கு 50 ஃப்ரேம் வேகத்தில் மட்டும் கிடைக்கிறது, 25 ஃப்ரேமில் கிடைப்பதில்லை. 25 ஃப்ரேமில் 10 பிட் 4:2:2 எடுக்கும் ஒருவர் எக்ஸ்ஏவிசி எஸ், அதாவது எச்.264 கோப்பைத்தான் பெறுகிறார். குவிக் சிங்க்கை நம்பி இன்டெல் வாங்கினால் அவருடைய கோப்புகளுக்கு அது உதவாது. அவர் 50 வரிசை கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம், அல்லது ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும் எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ (XAVC S-I) என்ற அமைப்பில் பெரிய கோப்புகளாக எடுக்கலாம், அல்லது 50 ஃப்ரேமுக்கு மாறலாம். கேமராவின் மெனுவும் கணினியின் சிப்பும் இப்படிப் பிணைந்திருப்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆப்பிளின் எம் வரிசையில் எச்.265 4:2:2 எளிதாக ஓடும். எம்4 சிப்புடன் 2024 நவம்பரில் வந்த மேக் மினி, அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி நினைவகமும் புரோரெஸுக்கான தனி எஞ்சினும் கொண்டது. கொடுக்கும் பணத்துக்கு மிக நல்ல எடிட்டிங் கணினிகளில் ஒன்று என்பது என் கருத்து. ஆனால் அதில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது என்பதையும், அடிப்படை மாடலின் 256 ஜிபி சேமிப்பு ஒரு திருமணத்துக்கே போதாது, வெளி எஸ்எஸ்டி வாங்கியே ஆக வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்பதும் இங்கே முக்கியம். டாவின்சி ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. பிரீமியர் புரோவில் செயலிக்குப் பங்கு கூடுதல். ஃபைனல் கட் புரோ மேக்கில் மட்டும் ஓடும். லினக்ஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. புதிய கார்டின் 4:2:2 வசதியைப் பயன்படுத்த மென்பொருளும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். திருட்டுப் பதிப்பில் பழைய பிரீமியரை வைத்துக்கொண்டு புதிய கார்டு வாங்குபவருக்கு அந்தச் செலவின் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

இப்போது வாங்கப் பணம் இல்லையென்றால் ப்ராக்ஸி முறைக்கு, அதாவது வெட்டுவதற்கு மட்டும் இலகுவான நகல்களைப் பயன்படுத்தும் முறைக்கு, மாறுங்கள். இரவில் எல்லாக் கோப்புகளுக்கும் 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி நகல்களை உருவாக்க விட்டுவிட்டு, காலையில் அவற்றை வைத்து வெட்டினால், இறுதி எக்ஸ்போர்ட் மூலக் கோப்பிலிருந்தே நடக்கும். தரம் சிறிதும் குறையாது. பழைய கணினிக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆயுள் கிடைக்க இது போதுமானது.

நினைவகம், கிராஃபிக்ஸ், சேமிப்பு

4கே வேலைக்கு 32 ஜிபி ரேம் வைத்துக்கொள்ளுங்கள்; ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைட்டில் வேலை அதிகம் என்றால் 64. ஒரே 32 ஜிபி துண்டாக வாங்காமல் 16 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்கினால் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில், வேகமாக ஓடும். 2025 இறுதியில் நினைவகச் சிப்புகளின் விலை கடுமையாக ஏறியதால், 16 ஜிபியோடு தொடங்கிப் பிறகு கூட்டலாம் என்று நினைப்பவர்கள், மதர்போர்டில் அல்லது லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டில் பெயரைவிட அதன் சொந்த நினைவகம் முக்கியம். 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) போட்டதும் ரிசால்வ் ஜிபியு நினைவகம் நிரம்பிவிட்டது என்று நின்றுவிடுவது 4 ஜிபி, 6 ஜிபி கார்டுகளில் சாதாரணம். மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் தவிர்க்க முடியாதது என்பதால் 8 ஜிபியைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகையாக வருகிறது; பில்லில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். லேப்டாப்பில் அதே பெயருக்கு அதே பொருள் இல்லை. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070-இல் 12 ஜிபி, லேப்டாப் 4070-இல் 8 ஜிபி. லேப்டாப் 4060-ஐ நிறுவனங்கள் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்த முடியும் என்பதால், வாட் எவ்வளவு என்று கேட்காமல் வாங்கக் கூடாது. கையோடு எடுத்துச் சென்று மண்டபத்திலேயே ஹைலைட்ஸ் வெட்டிக் காட்ட வேண்டிய தேவை இல்லாதவருக்கு டெஸ்க்டாப்தான் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சேமிப்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 140 மெகாபிட் என்பது 17.5 மெகாபைட், கேமராக்கள் எல்லாம் சேர்ந்து மொத்தம் 8 மணி நேரம் பதிவு செய்தால் 504 ஜிபி. வேலை நடக்கும் கோப்புகளுக்கு 2 டிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் தனியாகச் சிறிய எஸ்எஸ்டி, முடிந்த வேலைகளுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் என்று பிரித்துக்கொள்வது வசதி. மிக மலிவான எஸ்எஸ்டிகள் முதல் சில பத்து ஜிபி வரை வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். கார்டு காப்பி செய்யும்போதுதான் இது தெரியவரும். எந்தத் திருமணத்தையும் மறுபடி எடுக்க முடியாது. ஆகவே கேமரா கார்டை அழிப்பதற்கு முன்பு ஃபுட்டேஜ் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கியாவது இரண்டாவது டிஸ்க்கை வாங்கிவிடுங்கள்.

மின்சாரமும் திரையும்

பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) வேண்டாம். 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றுள்ள 650 வாட் எஸ்எம்பிஎஸ், நடுத்தரக் கார்டுகளுக்குப் போதும். 600 விஏ யுபிஎஸ் என்பது ஏறத்தாழ 360 வாட் வரைதான் தாங்கும், ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடலாம் என்பதால் 1000 விஏவுக்குக் குறையாமல் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதை யுபிஎஸ் மோடில் வைக்க வேண்டும்.

மலிவான லேப்டாப் திரைகளில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று, திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவை எழுதியிருப்பார்கள். அது இணையத்துக்கும் பெரும்பாலான திரைகளுக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். அந்தத் திரையில் அரக்குப் பட்டு செங்கல் நிறமாக மங்கித் தெரியும். எடிட்டர் செறிவை ஏற்றிச் சரிசெய்வார். மணப்பெண் தன் செல்பேசியில் பார்க்கும்போது புடவை கண்ணைப் பறிக்கும் சிவப்பாகவும் முகம் மஞ்சள் பூசியது போலவும் இருக்கும். எஸ்ஆர்ஜிபி நூறு சதவீதம் என்று குறிப்பிட்ட 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று போதும். 4கே மானிட்டர் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கடையில் செய்ய வேண்டியது

சென்னையில் ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரில் அசெம்பிள் செய்பவரிடமோ வாங்குகிறீர்கள் என்றால், மூன்று கேமராக்களின் மூலக் கோப்புகளைப் பத்துப் பத்து நிமிடம் ஓர் எஸ்எஸ்டியில் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மென்பொருளின் சோதனைப் பதிப்பை நிறுவச் சொல்லி, மூன்றையும் மல்டிகேமில் அடுக்கி ஓட்டிக்கொண்டே, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்துவையுங்கள். வீடியோ டீகோட் என்ற வரைபடம் ஏறியிருந்து, செயலியின் பயன்பாடு அளவாக இருந்தால் சிப் உங்கள் கோப்பைப் புரிந்துகொள்கிறது என்று பொருள். அந்த வரைபடம் தரையோடு கிடக்க, செயலி தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டால், ஒருமுறை கிராஃபிக்ஸ் டிரைவரையும் மென்பொருள் அமைப்பையும் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகும் அப்படியே இருந்தால் வேறு சேர்க்கையைக் கேளுங்கள். இருபது நிமிடம் எக்ஸ்போர்ட் ஓடவிட்டு, கேபினட்டின் சத்தத்தையும் வேகம் இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள்.

பழைய இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 செயலியைக் கைமாற்றாக வாங்குவதானால், அவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருந்து 2024-இல் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் வந்ததை நினைவில் வைத்து, பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு, உத்தரவாதம் எவ்வளவு மிச்சம் என்பதையும் எழுதி வாங்குங்கள். புதியதோ பழையதோ, செயலி, மதர்போர்டு, ரேம், கார்டு, எஸ்எஸ்டி ஒவ்வொன்றின் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "எடிட்டிங் பிசி, ஒன்று" என்று ஒரே வரியில் எழுதிய பில்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.