தலைவலி இல்லாததால் தள்ளிப்போகும் மறுபரிசோதனை: ரத்த அழுத்தக்காரர்கள் செய்யும் தவறுகள்

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டும்?" உயர் ரத்த அழுத்தம் உள்ள பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுவது இந்த எண்ணம்தான். பல நோய்களில் வலியே நம்மை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போய்விடும். இதில் பெரும்பாலும் வலி கிடையாது. அழுத்தம் 170-ஐத் தொட்டிருக்கும்போதும் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க முடியும். உள்ளே இதயத் தசை தடித்துக்கொண்டும், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதாகிக்கொண்டும் இருக்கலாம். தலைவலியையும் தலைசுற்றலையும் அளவுகோலாகக் கொள்வதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர்.

அளவு குறைந்ததும் குணமாகிவிட்டதாக நினைப்பது அதிலிருந்து கிளைப்பது. 150/95 இருந்தது 128/80 ஆனால், மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். குளோனிடின் போன்ற சில மருந்துகளைத் திடீரென விட்டால் பழைய அளவையும் தாண்டலாம்.

பழைய சீட்டைக் காட்டி மாத்திரை மட்டும் வாங்கிக்கொள்வது இன்னொன்று. போன ஆண்டு பொருந்திய மருந்தளவு இன்றும் பொருந்துமா, சில மருந்துகளால் ரத்தத்தில் பொட்டாசியமோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினோ மாறியிருக்கிறதா என்பதைச் சீட்டு சொல்லாது. மருந்து தொடங்கிய பிறகும் மாற்றிய பிறகும், இலக்கை எட்டும் வரை மாதம் ஒருமுறை மறுபரிசோதனை; கட்டுக்குள் வந்தபின் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது கூச்சத்தால் போகாமல் இருப்பவர்களின் நிலை. அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியிருக்கும். எனலாபிரில், ராமிபிரில் போன்றவற்றால் வறட்டு இருமல் வந்திருக்கும். மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். பிறகு, "கேட்டால் திட்டுவாரே" என்று மருத்துவர் இருக்கும் பக்கமே போகமாட்டார்கள். இவற்றுக்கு மாற்று மருந்துகள் உண்டு, ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனாலும், விட்ட நாட்களை மறைப்பது ஆபத்து: மருந்து போதவில்லை என்று கருதி மருத்துவர் அளவைக் கூட்டிவிடக்கூடும். திட்டுவாரோ என்று நோயாளி பயப்படும்படி நடந்துகொள்ளும் மருத்துவருக்கும் இந்தத் தவறில் பங்குண்டு என்பேன்.

வேலை, தூரம், செலவு ஆகியவை மெய்யான தடைகள். இவற்றைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமில்லை. அளவு சீராக இருந்தால், ஒரே சீட்டில் இரண்டு மூன்று மாதங்களுக்கு மருந்து எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள்.

தேதி தவறிவிட்டதா? அடுத்த மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மீதமிருக்கும் மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய், எத்தனை நாள் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.