டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ராணுவ மெடல்: யாருடையது, எதற்குக் கொடுத்தது?

மெடல் கையில் கிடைத்ததும் எல்லாரும் ராஜா தலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் விளிம்பைப் பாருங்கள். நாணயத்தை நிறுத்துகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து மெதுவாகச் சுற்றினால், பழைய பிரிட்டிஷ் இந்திய மெடல்கள் பலவற்றில் ஒரு வரி தெரியும். படை எண் (அந்த வீரருக்குக் கொடுத்த தனி எண்), பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஆங்கிலத்தில் இருக்கும். பதவியைச் சுருக்கித்தான் எழுதியிருப்பார்கள். எஸ்.இ.பி. என்றால் சிப்பாய், எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர் (ராணுவப் பொறியியல் படை வீரர்), என்.கே. என்றால் நாயக், எச்.ஏ.வி. என்றால் ஹவில்தார், ஜே.இ.எம். என்றால் ஜமேதார். பெயர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதாக இருக்கும், ரேஷன் கார்டில் இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று குழம்ப வேண்டாம். படை எண்தான் நம்பகமானது, அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் உலகப் போர் மெடல்களில் பெயர் இருந்தே ஆகவேண்டும். அந்தப் போருக்கு வழக்கமாகக் கிடைப்பவை மூன்று: 1914-15 நட்சத்திரம் (இதில் பெயர் பின்பக்கம்), வெள்ளியில் செய்த பிரிட்டிஷ் போர் மெடல், சிறகு விரித்த வெற்றித் தேவதை உள்ள வெண்கல விக்டரி மெடல். விக்டரி மெடலின் ரிப்பன் வானவில் நிறத்தில் இருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. போர் மெடல் வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் இருந்தால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ராணுவத்தின் தொழிலாளர் படைகளில் சுமை தூக்கியவர்களுக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள், வெள்ளியைவிட அவை அரிது.

இரண்டாம் உலகப் போர் மெடல்கள்தான் நம் ஊர் வீடுகளில் அதிகம், குழப்பமும் அங்கேதான். பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்திய வீரர்களுடையதில் பெயர் இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு. அதனால் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். ஆறுமுனை நட்சத்திரமாக இருந்தால் நடுவில் உள்ள வட்டத்தில் எந்தப் போர்முனை என்று எழுதியிருக்கும். ரிப்பனும் அதையே சொல்லும். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலத்தில் இருந்தால் 1939-45 நட்சத்திரம். கடற்படை, தரைப்படை, விமானப்படை என்பது அதன் பொருள். மணல் நிறத்தில் நடுவே அகலச் சிவப்பும் இரு பக்கமும் மெல்லிய நீலக் கோடுகளும் இருந்தால் ஆப்பிரிக்கா நட்சத்திரம், அந்த மணல் நிறம் பாலைவனத்துக்காக. கருநீலத்தின் நடுவே சிவப்பு, இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா. பச்சை, வெள்ளை, சிவப்பு என்று இத்தாலிக் கொடியின் நிறங்கள் வந்தால் இத்தாலி நட்சத்திரம். 1944 பிப்ரவரியில் அந்த இத்தாலிப் போர்முனையில்தான், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு உயிர் விட்டார் மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருதைக் கொடுத்தார்கள். நம் பக்கத்து இளைஞர்கள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

வட்ட மெடல்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். பின்பக்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் சிங்கம் நின்றால் அது வார் மெடல், 28 நாள் சேவைக்கே கிடைத்தது, அதனால் ஏராளம். பின்பக்கம் இந்திய வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல், போர்முனைக்குப் போகாமல் இந்தியாவிலேயே மூன்று வருடம் வேலை பார்த்தவர்களுக்கானது. தாத்தா பர்மாவில் சண்டை போட்டார் என்று வீட்டில் கதை இருந்து, பெட்டியில் இந்த மெடல் மட்டும் இருந்தால், ஒன்று பர்மா நட்சத்திரம் தொலைந்திருக்கும், இல்லையென்றால் கதை வளர்ந்திருக்கும். இரண்டில் எது என்று ஆவணத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சுதந்திரத்துக்குப் பிந்தையவை சுலபம், அசோகச் சிங்கமும் இந்தி எழுத்தும் இருக்கும். 1965 பாகிஸ்தான் போருக்கு சமர் சேவா நட்சத்திரம், ரக்ஷா மெடல். 1971 போருக்கு பூர்வி, பஸ்சிமி நட்சத்திரங்கள், சங்க்ராம் மெடல். இடைப்பட்ட காலத்து இந்திய சுதந்திர மெடல் ஒன்று உண்டு, அதில் அசோகச் சக்கரத்தின் மேல் பிரிட்டிஷ் கிரீடம் உட்கார்ந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஒரு நாடு கைமாறிய நேரம் அப்படியே உலோகத்தில் நிற்கிறது.

தொப்பி பேட்ஜ், தோள்பட்டைச் சின்னங்களுக்கும் இதே கிரீடம்தான் காலக்கணக்கு. கிரீடம் இருந்தால் 1950க்கு முந்தைய வடிவம், சிங்கமுகத் தூண் இருந்தால் பிந்தையது. யானை இருந்தால் பெரும்பாலும் மதராஸ் ரெஜிமெண்ட், மராத்தியருக்கு எதிராக 1803இல் நடந்த அஸ்ஸாயே போரின் நினைவாக வந்த யானை அது. ஆனால் பேட்ஜ்களை இன்றும் புதிதாக அடித்து விற்கிறார்கள், கவனம்.

போலியைப் பிடிக்க ஒரு நல்ல பூதக்கண்ணாடி போதும். அசல் அச்சில் அடித்தது, எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் ஊற்றியதில் எழுத்து மழுங்கி, மேற்பரப்பில் பொடிப் பொடியாகக் குழிகள் தெரியும். வெள்ளி மெடலில் பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் பொறிப்பதும் நடக்கிறது, வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி வைத்துக் குறுக்கே அளந்தால் வழக்கமான 36 மில்லிமீட்டருக்குச் சற்றே குறையும். ரிப்பனுக்குக் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு உதவும், பளிச்சென்று ஒளிர்ந்தால் பெரும்பாலும் பிற்கால நூல். சோப்புத்தூளில் துவைத்த பழைய ரிப்பனும் ஒளிரும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

இப்போது முக்கியமானது: தேய்க்காதீர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வெள்ளி மெடலை வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கோடு சேர்த்துத் தேய்த்தார்கள், பக்தியோடுதான். ராஜா தலை பளபளத்தது. விளிம்பில் எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் மிஞ்சின. கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். மெல்லிய பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும். மலிவான பிளாஸ்டிக் கவரில் போட்டால் நாளடைவில் பிசுபிசுத்துப் பச்சை பிடிக்கும், அமிலமில்லாத காகித உறை நல்லது. கிழிந்த ரிப்பனையும் மாற்றாதீர்கள்.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், ஒருவருடைய மெடல்கள் ஒன்றாக வந்தால் பிரிக்காமல் வாங்குங்கள், பிரிக்காமலே வையுங்கள். நட்சத்திரத்தை ஒருவரும் வட்ட மெடலை இன்னொருவரும் கொண்டுபோய்விட்டால் அந்த மனிதரின் சேவைக் கதையைத் திரும்பக் கோர்க்கவே முடியாது. நூறு வருடம் தாண்டியவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், எனவே வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள்.

எண் கிடைத்ததா? அப்புறம் வீட்டில் டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த புத்தகம்) தேடுங்கள், மெடல் விவரம் அதிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம், அல்லது படைப்பிரிவின் மையத்துக்கே எழுதலாம்: மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன், சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் எண்ணும் போட்டுத் தேடலாம், இலவசம்தான். கடிதத்தில் எண்ணைத் தவறில்லாமல் எழுதி, விளிம்பின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.