வீட்டிலேயே ‘ஆக்ஸிஜன் ஃபேஷியல்’: நாசில் (சீரம் பீய்ச்சும் முனை) அடைக்காமல் செய்வது எப்படி?

பார்லர்களில் ‘ஆக்ஸிஜன் ஃபேஷியல்’ என்ற பெயரில் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்கள் ஓடுகின்றன. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய, முதலில் அவற்றைப் பிரித்துவிடலாம்.

முதலாவது ‘ஆக்ஸி பிளீச்’. க்ரீமையும் பொடியையும் குழைத்துப் பூசுவார்கள். அதில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. முகத்து ரோமம் வெளுக்கும், சுருக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது, தடவியதும் புஸ்ஸென்று நுரை கட்டும் மாஸ்க். பார்க்க வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான். மூன்றாவதுதான் அசல். ஒரு கான்சென்ட்ரேட்டர் அறைக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜனாக அனுப்பும். அது பேனா மாதிரியான ஒரு குழாய் வழியே சீரத்தைப் பனித்துளியாக முகத்தில் பீய்ச்சும். சீரத்தில் ஹையலுரானிக் அமிலமும் வைட்டமின் ஏ, சி, ஈ வகையறாக்களும் இருக்கும். ஆஸ்திரேலியாவின் இன்ட்ராசூட்டிகல்ஸ் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. மடோனா செய்துகொள்கிறார் என்ற செய்தியோடு உலகம் முழுக்கப் பரவியது.

சரி, இதில் ஆக்ஸிஜனின் பங்கு என்ன? 2002-இல் வெளியான ஒரு ஆய்வின்படி, தோலின் மேற்பகுதி, சுமார் 0.25 முதல் 0.4 மில்லிமீட்டர் ஆழம் வரை, தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சும்மா ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தாலே கிடைக்கிறது என்று அர்த்தம். ஃபேஷியல் முடிந்ததும் முகம் ‘பும்’மென்று தெரிவது தண்ணீரையும் அதைப் பிடித்துவைக்கும் ஹையலுரானிக் அமிலத்தையும் சேர்ந்த புண்ணியம். என் கட்சி இதுதான்: சீரம்தான் ஃபேஷியல், ஆக்ஸிஜன் வெறும் பம்பு. அதனால்தான் இதை வீட்டில் செய்யலாம் என்கிறேன்.

ஆன்லைனில் ‘ஆக்ஸிஜன் இன்ஜெக்டர்’ என்று விற்கும் கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவை சின்ன கம்ப்ரசர் வைத்த ஏர்பிரஷ்கள், அதாவது காற்றழுத்தத்தால் திரவத்தைத் துளியாகப் பீய்ச்சும் பேனாக்கள். தள்ளுவது 21 சதவீத ஆக்ஸிஜன் உள்ள அறைக் காற்றைத்தான். பரவாயில்லை, நமக்கு அது போதும். மருத்துவ கான்சென்ட்ரேட்டரையோ சிலிண்டரையோ வாடகைக்கு எடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அடர்த்தியான ஆக்ஸிஜன் பக்கத்தில் சாமி விளக்கோ அடுப்போ இருந்தால் தீ பிடித்துப் பரவும் வேகமே வேறு.

படி 1: முகம். மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். அன்றைக்கு ஸ்க்ரப் வேண்டாம்.

படி 2: சீரமும் நாசிலும். எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எனக்கும் கருவி பாதியில் இருமி நின்றது இங்கேதான்.

ஹையலுரானிக் அமிலம் நூல் மாதிரி இழுபடும் பொருள். பெயின்ட் அடிக்கும் ஏர்பிரஷ்ஷில் வரும் 0.2 மி.மீ. நாசிலில் அது சிக்கிக்கொள்ளும். சீரம் கெட்டியாக இருந்தால் 0.3 கூடத் திணறும். 0.5 மி.மீ. நாசிலாகக் கேட்டு வாங்குங்கள். துளி கொஞ்சம் பெரிதாக விழும், முகத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

சீரத்தை ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரியுங்கள். நூல் இழுத்தால் அப்படியே ஊற்றக் கூடாது. லேபிளில் சாந்தன் கம், கார்போமர் என்று இருந்தால் அது கெட்டிப்படுத்தச் சேர்த்தது, நிச்சயம் அடைக்கும். தண்ணியாக இருக்கும், வாசனை சேர்க்காத சீரமே மேல்.

கொஞ்சம் நீர்க்க வைக்கலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து நாசிலைக் கெடுக்கும். பேட்டரி தண்ணீர் முகத்துக்கானதல்ல. மெடிக்கலில் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் ஸ்டெரைல் வாட்டர் கிடைக்கும், அதில் பாதிக்குப் பாதி கலந்தால் போதும். கலந்ததை எடுத்துவைக்காதீர்கள். தண்ணீர் சேர்ந்ததும் சீரத்தில் இருக்கும் பிரிசர்வேட்டிவின் வலு குறைந்துவிடும். மிச்சத்தைக் கைக்கும் கழுத்துக்கும் தடவிவிடலாம்.

அடித்துக்கொண்டிருக்கும்போது, கருவியில் சீரம் ஊற்றும் கிண்ணத்துக்குள் குமிழ் வருகிறதா? நாசில் அடைத்திருக்கிறது, இல்லை தளர்ந்திருக்கிறது. பிரஷரைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காமல், நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள்.

(எண்ணெய் கலந்த சீரம் எதுவுமே வேண்டாம். அடைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், எண்ணெய்த் துளியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆகாது.)

படி 3: அடிப்பது. முந்தின நாளே முழங்கை மடிப்பில் சீரத்தைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். பிரஷர் குறைவாக, ஒரு சாண் தூரத்தில், கையை நிறுத்தாமல் நகர்த்துங்கள். கண்ணும் வாயும் மூடியிருக்கட்டும். மூக்குப் பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகம் நனைந்தால் போதும், சொட்ட வேண்டாம்.

படி 4: மூடுவது. ஈரம் காய்வதற்குள் மேலே மாய்ஸ்சரைசர். ஏசி அறையில் இதை விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் முகம் இழுக்க ஆரம்பிக்கும்.

படி 5: கழுவுவது. ஸ்டெரைல் வாட்டர் ஊற்றி ஒருமுறை, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஒருமுறை, வெளியே அடித்துத் தள்ளுங்கள். நாசிலுக்குள் நீளும் ஊசியைப் பின்பக்கமாக உருவ வேண்டும். நுனி வளைந்தால் வேறு ஊசி வாங்க வேண்டியதுதான்.

பளபளப்பு ஒன்றிரண்டு நாள் நிற்கும். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் செய்ய நல்ல விஷயம். வயதின் சுவடுகளைக் குறைக்க வேண்டும் என்றால் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 900-க்கும் அதிகமானவர்களை வைத்து நாலரை வருடம் சோதித்தார்கள், முடிவு 2013-இல் வந்தது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோலில், விருப்பப்படி பூசியவர்களைவிட முதுமை அறிகுறிகள் 24 சதவீதம் குறைவு. ஏற்கெனவே விழுந்த மெல்லிய கோடுகளுக்கு டிரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மருந்து இருக்கிறது, தோல் டாக்டரிடம் கேட்டு மட்டும். இந்த இரண்டுக்கும் இருக்கிற அளவு ஆதாரம் ஆக்ஸிஜன் ஃபேஷியலுக்கு இல்லை.

அப்டேட்: வைட்டமின் சி சீரத்தை ஊற்றலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதிகச் செறிவுள்ளது வேண்டாம். அமிலத்தன்மையால் கண் எரியும், காற்றோடு கலந்தால் சீக்கிரம் கெட்டும் போகும். கர்ப்பிணிகள் லேபிளில் ரெட்டினால், ரெட்டினைல் (வைட்டமின் ஏ வகைகள்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தொட வேண்டாம். முகப்பரு சீழ் வைத்திருந்தாலோ, லேசரோ பீலோ (தோலை உரித்தெடுக்கும் சிகிச்சை) செய்து தோல் ஆறாமல் இருந்தாலோ தள்ளிப்போடுங்கள்.

இன்னொரு அப்டேட்: வீட்டில் ஆஸ்துமாவுக்கு வைத்திருக்கும் நெபுலைசரில் சீரத்தை ஊற்றினால் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. கூடவே கூடாது. மருந்து நுரையீரலுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே அது துளியை அவ்வளவு நுண்ணியதாக உடைக்கிறது. சீரமும் அங்கேதான் போகும்.