மூன்றே முக்கால் என்று தமிழில் தொடங்குங்கள்

தொடக்கநிலை ஒன்றில் சேரவிருக்கும் பிள்ளைக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்க உட்காரும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தொடங்குகிறார்கள். பள்ளியில் கணிதப் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் அது இயல்புதான். ஆயினும் வீட்டில் தமிழில் தொடங்குவதே பிள்ளைக்கு எளிது என்பது என் உறுதியான கருத்து. 3:45 என்பதை ஆங்கில வழக்கில் ‘நான்காகக் கால் மணி இருக்கிறது’ என்னும் பொருள்படச் சொல்லும்போது, இன்னும் வராத நான்குதான் பிள்ளையின் காதில் விழுகிறது. தமிழிலோ அது மூன்றே முக்கால். டிஜிட்டல் கடிகாரத்திலும் 3 தான் முன்னால் நிற்கிறது. முள் கடிகாரத்திலும் சின்ன முள் நான்கை இன்னும் தொடவில்லை.

முதல் வாரம் பெரிய முள்ளே வேண்டாம். விலை மலிவான சுவர்க் கடிகாரம் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி, பெரிய முள்ளை மெதுவாக எடுத்துவிட்டு, சின்ன முள்ளை மட்டும் ஓடவிட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். அவ்வப்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “முள் எந்த எண்ணைத் தாண்டியிருக்கிறது?” இரண்டு எண்களுக்கும் நடுவில் நின்றால் அரை, தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் என்றால் கால், அடுத்த எண்ணை நெருங்கிவிட்டால் முக்கால் என்று பிள்ளை தானே சொல்லத் தொடங்கும். என் மகள் பல வாரம் 3:45ஐ 4:45 என்றே படித்துக்கொண்டிருந்தாள். சின்ன முள் நான்கின் அருகில் இருந்ததுதான் காரணம், ‘தாண்டியதா?’ என்று கேட்கப் பழகிய பிறகே அந்தத் தவறு நின்றது.

அடுத்து, இரண்டு முட்களும் உள்ள கடிகாரத்தை எடுத்து, பின்பக்கத் திருகைப் பிள்ளையையே திருப்பச் சொல்லுங்கள். பெரிய முள் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை சுற்றும்போது சின்ன முள் 30 பாகை மட்டும் நகர்ந்து அடுத்த எண்ணுக்குப் போவதைக் கண்ணால் பார்ப்பது முக்கியம். முட்கள் தனித்தனியாகச் சுழலும் அட்டைக் கடிகாரத்தை இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் சின்ன முள்ளைச் சரியாக மூன்றின்மேல் வைத்துவிட்டு மூன்றரை என்று சொல்லிவிட முடியும். நிமிடங்களுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு போதும்.

டிஜிட்டல் கடிகாரத்தைப் படிப்பது எளிது, புரிந்துகொள்வது கடினம். 2:59க்குப் பிறகு 2:60 வரும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். நூறு வரை எண்ணிப் பழகியவர்களுக்கு அறுபதில் திரும்புவது விந்தையாகவே இருக்கும். எனவே இரு கடிகாரங்களையும் அருகருகே வைத்து, 2:58 முதல் 3:02 வரை பிள்ளையுடன் சேர்ந்து காத்திருங்கள். 3:05ஐ எழுதும்போது சுழியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3:5 என்று எழுதினால் பின்னர் 3:50உடன் குழப்பம் வரும்.

காலை, இரவு என்று பிரித்துச் சொல்வதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1982 தொடங்கியபோது சிங்கப்பூர் தன் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தியதால், இங்குச் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் உதிக்கிறது. பள்ளிக்குக் கிளம்ப ஆறு மணிக்கு எழும் பிள்ளை வெளியே இருட்டைப் பார்த்துவிட்டு “இது இரவு” என்று சொன்னால் அதைப் பிழையென்று கடிந்துகொள்ளாதீர்கள். வெளிச்சத்தை வைத்து அல்லாமல், நள்ளிரவு 12 மணிக்கு நாள் மாறுகிறது என்பதை வைத்து விளக்குங்கள். 24 மணி நேர முறையைப் பின்னர்ச் சொல்லும்போதும் அதுவே உதவும்.

கால அளவைக் கற்பிக்கப் பெருவிரைவு ரயில் மேடையைவிட நல்ல இடமில்லை. அடுத்த ரயில் வர இத்தனை நிமிடம் என்று பலகை காட்டும். ‘இப்போது ஐந்தே கால், நான்கு நிமிடத்தில் ரயில் வந்தால் பெரிய முள் எங்கே நிற்கும்?’ என்று கேட்டுவிட்டு, ரயில் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பிள்ளையே பார்த்துச் சரிபார்க்கட்டும்.