பேட்டரி விளக்கு எரிகிற காரில் செய்யக் கூடாதவை

கோவில்பட்டியில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு பையன், கயத்தாறு தாண்டி நின்றுபோன காரைக் கட்டி இழுத்து வந்தான். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. "அண்ணாச்சி, வழியில பேட்டரி லைட்டு எரிஞ்சுது. ஒருத்தர் வந்து ஓடுற வண்டியில பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்த்தார். கழட்டினதும் நின்னதுதான், திரும்ப ஸ்டார்ட்டே ஆகல" என்றான். நான் வேலை பழகியபோது செய்த அதே காரியம். ராத்திரி விளக்கை அணைக்க மறப்பது மாதிரியானவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று பொருளில்லை. எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் வரவில்லை, பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்து வண்டி ஓடுகிறது என்று பொருள். எங்கள் பக்கம் ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறோம்.

ஓடும் எஞ்சினில் டெர்மினலைக் கழற்றுவது

இது பழைய அம்பாசடர் காலத்துச் சோதனை. அப்போது வண்டியில் இருந்தது நிஜமாகவே டைனமோ. காயில், பல்பு, ஹாரன் தவிர கருகிப்போக வேறு பெரிதாக எதுவும் இல்லை. டெர்மினலைத் தூக்கியும் எஞ்சின் ஓடினால் சார்ஜ் வருகிறது, நின்றால் வரவில்லை. மேஸ்திரிகள் அப்படிப் பார்த்தார்கள், அவர்களிடம் பழகியவர்களும் அப்படியே பார்த்தார்கள்.

இன்றைய காரில் பெட்ரோலையும் பிளக் பொறியையும் நடத்துவது ஈசிஎம் என்கிற கம்ப்யூட்டர். ஆல்டர்னேட்டர் தள்ளும் கரண்டை வாங்கிக்கொண்டு வோல்டேஜை அடக்கி வைத்திருப்பது பேட்டரி. 40 ஆம்பியர் ஏறிக்கொண்டிருக்கும்போது டெர்மினலை உருவினால் அத்தனைக்கும் போக்கிடம் இல்லாமல் போகிறது. ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் சுதாரிப்பதற்குள், கண் சிமிட்டும் நேரத்தில், 14 வோல்ட் இருந்த இடத்தில் 80, 100 என்றுகூட எகிறும். பல புதிய ஆல்டர்னேட்டர்களில் அதை 35 வோல்ட் வாக்கில் அமுக்கும் டயோடு உண்டு. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ரோட்டோரத்தில் நின்று யார் சொல்வது? அதோடு, பேட்டரி இறங்கிக் கிடக்கும்போதுதான் ஆல்டர்னேட்டர் அதிகக் கரண்ட் தள்ளும். ஆகவே சந்தேகப்பட்டுச் சோதிக்கிற வண்டியில்தான் அடி பலமாக விழுகிறது.

நான் கெடுத்தது ஒரு பெட்ரோல் கார். விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று வந்திருந்தது. ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் நட்டைத் தளர்த்தி டெர்மினலைத் தூக்கினேன். விரலருகே நீலப் பொறி. ஹெட்லைட் ஒரு கணம் வெள்ளையாக அடித்து அணைந்தது. எஞ்சின் நின்றது. டேஷ்போர்டுக்குள்ளிருந்து கருகிய வாடை வந்தது. மதுரையில் பழைய ஈசிஎம் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்டோம். என் கூலியில் எட்டு மாதம் பிடித்தார்கள். கடைசியில் கோளாறு, ஆல்டர்னேட்டருக்குள் தேய்ந்துபோய்த் தொட்டும் தொடாமலும் இருந்த கார்பன் பிரஷ். அன்றைக்கு அதன் விலை 60 ரூபாய்.

இந்தப் பையனின் வண்டியிலும் அப்படித்தான். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் சாக்கெட் லூசாக இருந்தது. அழுத்திப் பூட்டினால் போதும். ஆனால் ஈசிஎம் மாற்றிய பிறகுதான் அதையே கண்டுபிடிக்க முடிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டெர்மினலைக் கழற்றாமல் அதன் மேலேயே வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் வாக்கில் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்ட பிறகும் 13-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் போதவில்லை. 15-ஐத் தாண்டினால் கட்-அவுட் போயிருக்கிறது, அது பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். சில புதிய கார்கள் எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமென்றே சார்ஜைக் குறைக்கும், அதனால் விளக்கைப் போட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே"

சிறிய காரில் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் இருக்கும், அதாவது கணக்குக்கு 35 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம். பெட்ரோலை ஏற்றும் பம்ப், ஈசிஎம், பொறி எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் போட்டால் இன்னொரு 10. ஏசி போட்டால் புளோயர், கம்ப்ரசர், ரேடியேட்டர் ஃபேன் என்று மேலும் 20-க்குக் குறையாது. ஆக, ராத்திரியில் ஏசியோடு போனால் புது பேட்டரியே ஒரு மணி நேரம் தாங்காது. பகலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் இரண்டு மணி நேரம்கூட ஓடலாம், ஆனால் விளக்கைக் கவனிப்பதற்குள் பாதி இறங்கியிருக்கும். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் திடீரென்று கனத்தாலோ, ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ முடிவு நெருங்கிவிட்டது. நான்குவழிச் சாலையின் நடுவில் அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓரம் கட்டுங்கள்.

பெல்ட்டைப் பார்க்காமல் ஓட்டுவது

பல கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் எஞ்சினைக் குளிர வைக்கும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். ஓட்டினால் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும்.

டீ குடிக்க எஞ்சினை அணைப்பது

பெல்ட் நன்றாக இருந்தால் அணைக்காதீர்கள். செல்ஃப் திரும்ப எடுக்காது.

ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பிக்கொண்டு போவது

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினாலும், சார்ஜ் வராத வண்டியில் சில கிலோமீட்டர்தான்.

நேராகப் போய்ப் புது பேட்டரி வாங்குவது

ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து வாங்கிய பேட்டரி இரண்டே நாளில் இறங்கி நின்று, "டூப்ளிகேட் கொடுத்துட்டாங்க" என்று என்னிடம் வந்தவர்கள் பலர். சார்ஜைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விளக்கே எரியாத வண்டி

சாவியை ஆன் செய்ததும் சிவப்பு எரிய வேண்டும், எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். ஆன் செய்யும்போதே எரியவில்லை என்றால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பழைய மாடல்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்பும் கரண்டே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் வராமல் போகலாம், உங்களை எச்சரிக்கவும் ஒன்றும் இருக்காது. நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது அதை ஒரு தடவை பாருங்கள்.